படையலுக்கு அக்காரா

மாமி சுட்ட உளுந்து வடையை மாமா ஒரு நாளும் பாராட்டியதில்லை. தட்டில் இருந்ததை எல்லாம் தின்று முடித்து, விரலில் ஒட்டிய எண்ணெயைத் துவாயில் துடைத்துக்கொண்டு, "அக்காரா மாதிரி வருமா?" என்பார். நான் அந்த வீட்டுக்கு மருமகனாகப் போன முதல் வாரத்தில் இதைக் கேட்டேன். அவர் படுக்கையில் விழுவதற்குச் சற்று முன்பும் கேட்டேன். குரலில்கூட மாற்றமில்லை.

அக்காரா நைஜீரியாவின் பலகாரம். தோல் நீக்கிய கௌபிப் பயற்றை வெங்காயத்தோடும் மிளகாயோடும் அரைத்து, நுரைக்க அடித்து, கரண்டியால் எண்ணெயில் விட்டுப் பொரிப்பது. மாமா எண்பதுகளில் அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பித்தவர். அந்தக் காலத்தில் இங்கிருந்து பல ஆசிரியர்கள் அப்படிப் போனார்கள். அந்த உழைப்பில்தான் வாவிக்கரை ஊரான மண்டூரில் கல்வீடு எழும்பியது. எங்கள் பகுதி வழக்கப்படி வீடு மகளுக்குப் போகும். ஆகவே என் மனைவிக்குச் சீதனமாக வந்தது. மாமாவும் மாமியும் எங்களோடே இருந்தார்கள்.

மாமியின் வடையை ஊர் கேட்டு வாங்கும். கலியாண வீடு, பூப்புனித வீடு, கோயில் அன்னதானம் எதுவானாலும் மா அரைபட்ட பிறகு மாமியைக் கூப்பிட ஆள் வரும். கையை ஒரு தரம் மாவுக்குள் விட்டு எடுத்தாலே உப்பு எவ்வளவு என்று சொல்லிவிடுவார். ஊர் சொன்ன புகழ் எதுவும் அவர் காதில் நின்றதாகத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து நாற்காலியில் இருக்கிற மனிதரின் தட்டில் இரண்டு வடையை வைத்துவிட்டு, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்பார். தீர்ப்பு வரும். மாமி அடுப்படிக்குத் திரும்புவார்.

அவர் ஒருபோதும் அக்காரா செய்து பார்த்ததில்லை. "கண்டதுமில்ல, திண்டதுமில்ல. எப்பிடி மனே செய்யிற?" என்று என்னிடம் ஒருமுறை சொன்னார். மாமாவும் அதைச் செய்து தரும்படி கேட்டதில்லை. எப்படிச் செய்வது என்று சொல்லிக்கொடுத்ததும் இல்லை.

எங்கள் பக்கத்தில் இறந்தவருக்கு எட்டாம் நாள் படையல் வைப்பார்கள். உயிரோடு இருந்தபோது அவர் விரும்பித் தின்றவை எல்லாம் இலைக்கு வரும். விளக்கேற்றி, அறைக் கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே வந்துவிடுவார்கள். போனவர் வந்து சாப்பிடுவதற்கான நேரம் அது. பிறகு கதவைத் தட்டித் திறந்து, இருக்கிற சாப்பாட்டை வந்தவர்களுக்குப் பகிர்வார்கள். அதுவரை சமைத்தவர்கூட ருசி பார்க்கக் கூடாது.

மாமா இறந்ததும் படையலுக்கு என்னென்ன என்று பேச்சு வந்தது. நண்டுக் குழம்பு, முருங்கைக்காயும் இறாலும், சுங்கான் கருவாடு என்று ஒவ்வொருவராகச் சொன்னார்கள். மாமாவின் அக்கா, "வடையச் சொல்லத் தேவல்ல, அது உன்ட கைதானே" என்றார்.

"வடை வைக்கல்ல மச்சாள்," என்றார் மாமி. "அக்காரா வைக்கப் போறன்."

மாமாவின் அக்கா எண்பதைத் தாண்டியவர். தம்பியின் வீடு தம்பியின் மகளுக்குப் போனதை, தன் சொந்த வீடும் அப்படித்தான் தன் மகளுக்குப் போனது என்பதை மறந்துவிட்டு, இன்றுவரை மன்னிக்காதவர். 

"என்னகா சொல்றாய்? காப்பிரித் தீனையா என்ட தம்பிக்குப் படைக்கப் போறாய்?"

"அவருக்கு அதான் விருப்பம். உங்களுக்கும் தெரியுந்தானே. எல்லாருக்கு முன்னாலயும் சொன்னவர்."

"உயிரோட இரிக்கக்குள்ள செஞ்சி குடுத்தியா? இப்ப செத்தவன்ட வாயிலயா பழகப் போறாய்?"

மாமி இரவு என் மனைவியிடம் மட்டும், "ஒரு தரமாவது அந்தாள் குறை சொல்லாமத் தின்னட்டும் புள்ள" என்றார். அது துக்கத்தில் சொன்னதா, கோபத்தில் சொன்னதா என்று என் மனைவிக்குப் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

கறுப்புக் கண் உள்ள வெள்ளைக் கௌபி மண்டூரில் கிடைக்கவில்லை. நான் களுவாஞ்சிக்குடிச் சந்தையில் வாங்கி வந்தேன். என் மனைவி தொலைபேசியில் ஒரு வீடியோவைக் கண்டுபிடித்தாள். அதில் ஒரு நைஜீரியப் பெண் தன் அடுப்படியில் நின்று செய்துகாட்டுகிறார். மாமிக்கு அவர் பேசியது விளங்கவில்லை. சத்தத்தை நிறுத்தச் சொல்லிவிட்டுக் கைகளை மட்டும் பார்த்தார். "உப்பக் கடைசியாப் போடுறாள். முந்திப் போட்டா நுரை அடங்கிரும் போல," என்றார்.

எட்டாம் நாள் காலை சமையல் கொட்டிலில் ஆறேழு பெண்கள் இருந்தார்கள். மாமி ஊறிய கௌபியைத் தண்ணீருக்குள் கசக்கித் தோலைப் பிரித்தார். தோல் மிதந்து வர, வடித்துவிட்டு மறுபடி தண்ணீர் விட்டார். கண்ணுள்ள தோல் போனதும் உள்ளே இருந்தது வெறும் வெள்ளைப் பருப்பு. வடைக்கு ஊறும் உளுந்துக்கு இவ்வளவு வேலை கிடையாது. மாமாவின் அக்கா ஒரு கதிரையைப் போட்டு அருகில் இருந்து பார்த்தார்.

"ஒவ்வொரு கொட்டையா உரிக்கிறாள் பாருங்கடி. புரிசனுக்குக் கால் அமத்தக்குள்ள இந்தப் பொறுமை இல்ல."

பெண்கள் சிரித்தார்கள். துக்க வீட்டில் எட்டாம் நாள் சிரிப்பதில் தவறில்லை. மாமியும் சிரிக்க முயன்றார்.

அரைத்த மாவைச் சட்டியில் போட்டுக் கையால் அடித்தார். இங்கேதான் அவருக்குத் தடுமாற்றம் வந்தது. உளுந்து மா அவர் கையோடு பேசும். இது பேசவில்லை. முதல் கரண்டி எண்ணெயில் விழுந்ததும் பரந்து, ஓரம் கருகி, நடுவில் பச்சையாகக் கிடந்தது. 

"தோசை!" என்றாள் ஒருத்தி.

"மீனுக்குப் போட்டாலும் தின்னாது," என்றார் மாமாவின் அக்கா.

மாமி சட்டியை மடியோடு அணைத்துக்கொண்டு திரும்பவும் அடித்தார். தோள்பட்டை வியர்வையில் நனைந்துவிட்டது. அடுத்த கரண்டி அடிக்குப் போய் மேலே வந்தது. வீங்கி உருண்டது. தட்டாமல், துளையிடாமல், ஒரு பக்கம் கோணலாக இருந்தாலும் உருண்டைதான். மாமி என்னைப் பார்த்து, "அந்தப் பொம்பிளைக்கு வந்த மாதிரி இரிக்கா?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன்.

மிச்ச மாவுக்குக் கடைசியாக உப்பைக் கையில் எடுத்தார். எவ்வளவு என்று அவருக்குத் தெரியவில்லை. கொஞ்சம் போட்டுக் கலந்ததும் விரல் தன்பாட்டில் மாவைத் தொட்டு வாய்ப்பக்கம் போனது.

"எச்சிலாக்காத!" மாமாவின் அக்கா கதிரையிலிருந்து பாதி எழுந்துவிட்டார். "படையலுக்கு எடுத்ததில வாய் வைக்கிறியா?"

மாமி விரலைச் சேலையில் துடைத்தார். வாழ்நாளில் தின்றிராத ஒன்றை, ருசி பார்க்கவும் முடியாமல், குறை சொல்ல இனி வாயில்லாத ஒருவருக்காகச் சுட்டு முடித்தார்.

படையல் வைத்துக் கதவு சாத்தப்பட்டது. எல்லோரும் முற்றத்துக் கொட்டகையில் இருந்தபோது, மாமாவோடு நைஜீரியாவில் ஒரே பள்ளிக்கூடத்தில் படிப்பித்து, ஒரே வீட்டில் தங்கியிருந்த ஆசிரியர் ஒருவர் வந்து சேர்ந்தார். வாகனம் ஏற்றும் மிதவையை இங்கே பாதை என்பார்கள். அதில் மோட்டார் சைக்கிளோடு வாவியைக் கடந்து வந்திருந்தார். செத்த வீட்டுக்கு வர முடியாமல் போனதற்குத் தன் முழங்காலைக் காரணம் சொன்னார். 

கதவைத் திறந்தார்கள். மாமாவின் அக்கா முதலில் போய் இலையைக் குனிந்து பார்த்தார். "ஒண்டும் தொடல்ல" என்று அறிவித்தார். பகிர்ந்தபோது ஒரு அக்காராவைக் கடித்து, மென்று, மிச்சத்தைத் தட்டின் ஓரத்தில் வைத்தார். "பஞ்சு." பிறகு ஆசிரியரிடம் திரும்பினார். "நீங்க அங்க இருந்த ஆள். சொல்லுங்க சேர், இதுவா அது?"

மாமி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆசிரியர் ஒன்றைப் பிய்த்து உள்ளே பார்த்தார். மோந்தார். தின்றார். மற்றொன்றை எடுத்தார்.

"அச்சாவா இரிக்கி தங்கச்சி. உப்புக் கொஞ்சம் குறைவு. மத்தப்படி அக்காராவேதான். எத்தினை வருசத்துக்குப் பொறகு!"

மாமி முதல் தடவையாக அன்று உட்கார்ந்தார். அங்கேயே, வாசற்படியில். "அப்ப அவருக்கும் பிடிச்சிரிக்கும்," என்றார்.

"யாருக்கு, இவருக்கா?" ஆசிரியர் சிரித்தார். அவர் கெட்ட மனிதர் அல்ல. பழைய நண்பனைப் பற்றி ஒரு பகிடி கைவசம் இருந்தது, சொன்னார். "இவர் இதத் தொடமாட்டாரே! ஒருக்கா வாயில வெச்சிட்டுத் துப்பினவர். விடியக் காலத்தால நாங்க எல்லாரும் றோட்டில வாங்கித் தின்னுவம், இவர் பாணும் சீனியும். 'என்ட மனிசிட வடையத் திண்டவன் இதத் தின்பானா' எண்டுதான் கேப்பார். எப்ப பார்த்தாலும் உங்கட வடைக் கதைதான். நாங்க அவரைக் கூப்பிடுறதே வடை சேர் எண்டுதான்."

 என் மனைவி பகிர்ந்துகொண்டிருந்த அகப்பையோடு நின்றாள்.

"ஒருக்காச் சொன்னவரா, எப்பவும் சொல்றவரா?" என்று மாமி கேட்டார்.

ஆசிரியருக்கு இப்போது எதுவோ பிழைத்துவிட்டது என்று புரிந்தது. ஆனால் படிப்பித்த மனிதர், கேள்விக்குப் பதில் சொல்லித்தான் பழக்கம். "எப்பவும்," என்றார்.

முதலில் சிரித்தது மாமாவின் அக்கா. "அப்ப என்ட தம்பி கடைசிச் சோத்துக்கும் ஒரு வடை இல்லாமப் போறான். துப்பினத வெச்சிரிக்கிறாள் இலையில. நல்ல பொண்டாட்டி."

அங்கே இருக்கும்போது வடை, இங்கே இருக்கும்போது அக்காரா. கைக்கு எட்டாததைத்தான் மாமா புகழ்ந்தார் என்பதைத் தவிர வேறு விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. புகழ வேண்டிய இடத்தில் புகழ்ந்தால் ஆள் தலையில் ஏறிவிடும் என்று நினைக்கும் ஆண்களை எனக்குத் தெரியும். நானும் அப்படியான வீட்டில் வளர்ந்தவன்தான். மாமி விளக்கம் தேடியதாகத் தெரியவில்லை. அன்று மிஞ்சிய அக்காரா ஒன்றை எடுத்து, முதல் முறையாகக் கடித்துப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. முழுவதையும் தின்றார்.

முப்பத்தோராம் நாள் மறுபடி படையல். மாமாவின் அக்கா, ஊறவைத்த உளுந்தைத் தூக்கு வாளியில் கொண்டே வந்துவிட்டார். மாமி மறுப்புச் சொல்லாமல் வாங்கி அரைத்தார். அன்று சுட்ட வடை போல அவர் அதற்கு முன் சுட்டதில்லை என்று நான் சொன்னால் மிகை ஆகாது. பக்கத்து அடுப்பில் அக்காராவும் பொரிந்தது. உப்பு இந்த முறை கூடுதலாகப் போட்டார், கை தயங்கவில்லை.

இலையில் சோறு, நண்டு, இறால், கருவாடு. நடுவில் அக்காரா குவியலாக.

"அம்மா, அப்பாக்கு ரெண்டு வடை வைப்பம்," என்றாள் என் மனைவி.

"கேக்கட்டும். வாயத் துறந்து என்னட்டக் கேக்கட்டும், வைக்கிறன்."

"செத்தவன் எப்பிடிடி கேப்பான்?" மாமாவின் அக்காவுக்குக் குரல் உடைந்தது. அந்த வடை அவர் தம்பிக்காகக் கொண்டுவந்த உளுந்தில் சுட்டது.

"நாக்கு இருந்த காலமும் இருந்ததுதானே மச்சாள்."

மாமி விளக்கின் திரியை உயர்த்திவிட்டு வெளியே வந்து கதவைத் தானே சாத்தினார். வழக்கமாக அந்த நேரத்தில் யாரும் வாயில் எதுவும் போடுவதில்லை. மாமி வடைத் தட்டை எடுத்துக்கொண்டு வந்து, சாத்திய கதவுக்கு முன்னால் இருந்த எல்லோருக்கும் சூடாகக் கொடுத்தார். சிலர் வாங்கித் தயங்கி மடியில் வைத்திருந்தார்கள். மாமாவின் அக்கா முதலில் தலையைத் திருப்பினார். பிறகு ஒன்றை எடுத்துத் தின்றார். தின்று முடித்து, அழுதுகொண்டே, இன்னொன்றுக்குக் கையை நீட்டினார்.