இடது கையால் இழுத்துப் பார்த்த அக்கா

எங்கள் வீட்டின் மூத்த மகளாகக் கல்வராயன் மலைமேல், சாமை விளையும் சிற்றூர் ஒன்றில் பிறந்தார் அக்கா. கச்சிராயபாளையத்துக்கு வாழ்க்கைப்பட்டு வரும்வரை முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கியதில்லை. மாமாவோ கோமுகி அணையில் மீன் பிடிப்பவர். அவரைக் கரையில் பார்ப்பதே அபூர்வம் என்று கேலி செய்வோம்.

அந்த மாமாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கை முடங்கிவிட்டது. துடுப்புப் போட முடியவில்லை. பேச்சும் சாப்பாடும் குறைந்து, சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். ஆள் கைவிட்டுப் போய்விடுவாரோ என்று அக்கா கலங்கினார். படகில் இன்ஜின் மாட்டினால் மறுபடி தண்ணீருக்குப் போவார் என்று முடிவு செய்து, என்னை அழைத்துக்கொண்டு கடலூருக்குப் பஸ் ஏறினார்.

நான் டிராக்டர் ஓட்டுகிறவன். எனக்கு எதுவும் பெரிதாக இருக்க வேண்டும். கடையில் பெரிய இன்ஜினாகப் பார்த்துக் காட்டினேன்.

“ஸ்பீடு ஜாஸ்தியா இருந்து இன்னா பண்றது? யாரு ஸ்டார்ட் பண்றது?” என்றார் அக்கா.

“கூட போற ஆளு கயித்த இழுத்து ஸ்டார்ட் பண்ணுவான்க்கா.”

“அதுக்கும் இன்னொருத்தன் கைய பாத்துக்கினு குந்தணுமா அவரு?”

கயிறு இழுக்காமல் பட்டனிலேயே ஸ்டார்ட் ஆகும் இன்ஜின், மாமாவின் சின்னப் படகு தாங்காத கனம். அக்கா யோசித்தார். தம் வலது கையை முந்தானையால் இடுப்போடு சேர்த்துக் கட்டச் சொன்னார். கட்டினேன். டிரம் தண்ணீரில் நிறுத்தியிருந்த இன்ஜின்களின் முன்னால், படகில் உட்காருவதுபோல் ஸ்டூலில் உட்கார்ந்து, இடது கையால் ஒவ்வொரு கயிறாக இழுத்தார். நான் காட்டியது அசையக்கூட இல்லை. முதலில் சிரித்த கடைக்காரர், அக்காவின் உள்ளங்கை கன்றியதைப் பார்த்ததும் உள்ளே போய் ஒரு சின்ன இன்ஜினைத் தாமே தூக்கி வந்தார். இழுத்ததும் பிடித்துக்கொண்டது. அப்போதும் அக்கா விடவில்லை. நிறுத்தி நிறுத்தி இழுத்துப் பார்த்த பிறகே, “இதான் அவரோட இன்ஜின்” என்றார்.

கணவரின் முடியாத கையைத் தம் உடம்பில் கட்டிப் பார்த்த ஒருவரை வேறெங்கும் நான் கண்டதில்லை. நினைத்தால் இன்றும் மெய்சிலிர்க்கிறது.

மாமா தண்ணீருக்குத் திரும்பினார். பின்னாளில் தாம் நோயில் படுத்தபோதும் அக்கா அவரை வீட்டில் இருக்க விடவில்லை.

அக்கா மறைந்து ஓராண்டு. ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக எங்களோடு அலைந்த உறவினர்களுக்கும், அடுப்பு பற்றவைக்க விடாமல் சோறு கொண்டுவந்த அண்டை வீட்டாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. மாமாவுக்குத் தனியாக ஒரு நன்றி. காரியம் முடிந்த மறுநாள் காலை, இனி இவர் எழமாட்டார் என்று பயந்து ஓடினேன். வீடு பூட்டியிருந்தது. அணைக்கரையில் படகில் ஏறிக்கொண்டிருந்தார்.

“இன்னைக்குமா மாமா?”

“இப்ப நா வூட்டுல குந்திக்கினா, அவ பட்டதெல்லாம் இன்னாத்துக்கு மச்சான்?”

கயிற்றை இழுத்தார். உடனே பிடித்துக்கொண்டது. படகு போகும் திசையைப் பார்த்து நான் அக்காவைக் கும்பிட்டேன்.