மைக்கை மூடிய ஒரே நாள்

போன செவ்வாய்க்கிழமை காலை, மண்ணெண்ணெய்ப் புகையைக் கக்கிக்கொண்டு ஒரு பழைய கார் எங்கள் வட்டுக்கோட்டை வீதியால் வந்தது. கூரையில் ஒலிபெருக்கி. சண்டிலிப்பாய் றேடியோக் கடைத் தில்லையம்பலம் அண்ணை காலமாகிவிட்டார் என்று அறிவித்தார்கள். அந்தக் குரல் எனக்குப் பிடிக்கவில்லை. சுற்றுவட்டார மரண அறிவித்தல்களை எல்லாம் இத்தனை வருடம் வாய் நிறையச் சொல்லிவந்தவர், தன்னுடையதை மட்டும் ஒரு மூக்கடைத்த ஆளிடம் விட்டுவிட்டுப் போய்விட்டாரே என்று முதலில் கோபம்தான் வந்தது. மாட்டுக் கொட்டிலுக்குள் போன பிறகுதான் அழுதேன்.

மாட்டுவண்டிச் சவாரி பார்க்க வந்துபோன உங்களுக்கு அவரைத் தெரியாமல் இராது. ஆனால் சவாரித் திடலில் மைக்கோடு சுற்றுகிற அந்தத் தொழில் அவருக்கு எங்கிருந்து வந்தது என்று சிலருக்குத்தான் தெரியும். ஜேர்மனியிலிருந்து அவருடைய மருமகன் ஒரு கார்ப் பந்தய வீடியோ அனுப்பியிருந்தார். ஜெனரேற்றர் வாடகைக்குப் பிடித்து ஒழுங்கைச் சனம் முழுக்கக் கூடிப் பார்த்தோம். நாங்கள் கார்களைப் பார்த்தோம். அவர் பார்த்தது, சில்லு மாற்றுகிற இடத்துக்குள் மைக்கோடு ஓடித்திரிந்த தொலைக்காட்சி நிருபரை.

“கார் ஓடுறதை எல்லாரும் பாப்பினம். ஏன் ஓடேல்லை எண்டு உவன்தானே சொல்லுறான்” என்றார்.

அடுத்த சவாரியிலேயே நீள வயரை இழுத்துக்கொண்டு, வண்டில் பூட்டுகிற இடத்துக்குள் வந்துவிட்டார். வெளிநாட்டு உறவுகளுக்கு அனுப்பப் படம் பிடிக்கும் வீடியோக்காரரும் பின்னால் வந்தார். உடுவில் ஊர்ப் பெரியவர் ஒருவர் மாடு பூட்டிக்கொண்டிருந்தார். அவர் முகத்துக்கு நேரே மைக்கை நீட்டி, “ஐயா, இண்டைக்கு வெல்லுவியளோ?” என்று கேட்டார் அண்ணை. புறப்படுகிற ஆளிடம் கேள்வி கேட்கக்கூடாது என்பது அவருக்குத் தெரியாததா? வீடியோ கண்ட மயக்கத்தில் மறந்துவிட்டார். பெரியவர் மாடுகளை அவிழ்த்து வேம்பின் கீழ் கட்டினார். தண்ணீர் குடித்தார். சுருட்டுப் பற்றவைத்தார். சகுனப் பிழை கழியும்வரை சவாரி அரை மணித்தியாலம் காத்துக் கிடந்தது.

“இனி மனிசரிட்டை ஒரு கேள்வி கேட்டா, வயரை வெட்டிப்போடுவம்” என்றார்கள் சவாரிச் சங்கத்தார்.

அண்ணை அடங்குகிற ஆளா? அதன் பிறகு மாட்டிடம் கேட்கத் தொடங்கினார். “மயிலை, ராத்திரி வடிவா நித்திரை கொண்டனியோ?” என்று என் சவாரி மாட்டின் வாய்க்கு மைக்கைப் பிடிப்பார். நான் வானத்தைப் பார்த்தபடி, “ஓம், நல்லாக் கொண்டவர்” என்பேன். சனம் விழுந்து விழுந்து சிரிக்கும்.

இனி, இதுவரை எவருக்கும் சொல்லாததைச் சொல்கிறேன். ஒருமுறை இறுதி ஓட்டத்துக்கு வண்டிலோடு கோட்டில் நின்றேன். கொடி விழ வேண்டியதுதான் பாக்கி. அண்ணை என் வண்டிலைச் சுற்றி வந்தார், சட்டென்று மைக்கை நிறுத்தினார். மாட்டிடம் போகவில்லை. நேரே என்னிடம் வந்து, தாழ்ந்த குரலில், “தம்பி, இடப்பக்கச் சில்லுக்குக் கடையாணி எங்கை?” என்றார்.

புறப்படுகிற நேரத்தில் கேள்வி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திட்டத்தான் கீழே குதித்தேன். சில்லைப் பிடித்து நிறுத்தும் அந்த ஆணி இருக்க வேண்டிய துவாரம் வெறுமையாக இருந்தது. முதல் ஓட்டம் முடிந்து கிறீஸ் பூசக் கழற்றியவன், அதைச் சாரத்து மடியிலேயே செருகி வைத்திருந்தேன். அப்படியே ஓடியிருந்தால் சில்லு கழன்று, அடுத்த வண்டிலின் கீழ் நான் கிடந்திருப்பேன். மடியிலிருந்து ஆணியை உருவினேன். அதற்குள் கொடி விழுந்து மற்ற வண்டில்கள் பறந்துவிட்டன.

ஏன் ஓடவில்லை என்று சனம் கத்தியது. காரணம் சொல்வதற்கென்றே பிறந்தவர் மைக்கைத் திறந்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“மயிலைக்கு இண்டைக்கு ஓட மனமில்லையாம்” என்றார்.

அன்றிலிருந்து என் மாட்டைச் சோம்பேறி என்று நீங்கள் எல்லோரும் பழித்தீர்கள். நானும் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தேன். மயிலையில் ஒரு பிழையும் இல்லை, பிழை என் மடியில் இருந்தது. அண்ணை எனக்காகச் சொன்ன அந்தப் பொய்யை இன்றோடு திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவர் தந்த உயிரை மட்டும் வைத்துக்கொள்கிறேன்.