கூடையில் ஐந்து மீன் குறைகிறது

நவம்பர் 23, ஞாயிறு, காலை 10.40. சிதம்பரத்தில் தூறல். மாடிக்குப் பதினெட்டுப் படிகள் — பெருமையோடு ஏறினேன். ஒரு பெரிய தப்பைக் கண்டுபிடித்துத் திருத்தியவன் அல்லவா?

என் வீட்டு மாடியில் வாடகைக்குக் குடியிருப்பவர் மலர்விழி. குழந்தைகளுக்குப் படப் புத்தகம் செய்கிறார். கதையும் அவரே, படமும் அவரே. புதிய புத்தகம் அவருடைய அம்மாவைப் பற்றியது. கடலூர்ப் பக்கத்துக் குப்பத்தில் கூடை மீன் விற்று மகளைப் படிக்க வைத்தவர்.

“எழுத்துப் பிழை மட்டும் பாருங்க மாமா. பார்த்துட்டு நீங்களே பிரஸ்ல ஓகே சொல்லிடுங்க” என்று புரூஃபைக் கொடுத்திருந்தார்.

எழுத்துப் பிழையோடு நிற்கிற ஆளா நான்? முப்பத்து நாலு வருடம் நில அளவைத் துறையில் குப்பை கொட்டியவன். எதையும் எண்ணாவிட்டால் தூக்கம் வராது.

பதினாறு பக்கம். இருபத்து மூன்று மனிதர்கள். அதில் முகம் தெரிவது நாலு பேருக்குத்தான்! மற்றவர்களெல்லாம் இடுப்போடு சரி. புடவைக் கொசுவம், கைலி, முழங்கால்...

“தலையெல்லாம் எங்கம்மா?” என்று அப்போதே கேட்டேன்.

“நாலு வயசுப் புள்ளைக்கு முட்டிதான் மாமா தெரியும். நான் அந்த ஒசரத்துலேர்ந்துதான் வரைவேன்.”

சரி, அது ஸ்டைல். விட்டுவிட்டேன். கணக்கை விட முடியுமா? முதல் பக்கத்தில், தரையில் வைத்த கூடையில் பதினைந்து மீன். ஐந்து வீடு. வீட்டுக்கு இரண்டு மீன் விற்றதாகக் கதையே சொல்கிறது. ஆகப் பத்து. கடைசிப் பக்கத்தில் பார்த்தால் — வெறும் கூடை! மீதி ஐந்து எங்கே? சனிக்கிழமையே கடலூர் பிரஸுக்குப் போன் போட்டு, கடைசிப் படத்தில் ஐந்து மீன் சேர்க்கச் சொல்லிவிட்டேன்.

இதைக் கேட்டதும் மலர்விழி பிரஷைக் கீழே வைத்தார். திட்டவில்லை. புரூஃபை விரித்தார்.

“குனிஞ்சு பாருங்க மாமா.”

குனிந்தேன். முதல் வீட்டில், கதவோரக் குழந்தையின் பிடிக்குள்ளிருந்து நீட்டிக்கொண்டு ஒரு வால். இரண்டாவது வீட்டில் பூனையின் வாயில் ஒன்று. மூன்றாவதில் முறத்துக்கு அடியில்... ஐந்து வீடு, ஐந்து சின்ன மீன். எல்லாம் பக்கத்தின் அடியோரத்தில்.

“கொசுறு மாமா. எங்கம்மா கொசுறு போடாம கூடையத் தூக்கமாட்டாங்க. அவுங்களுக்குப் படிக்கத் தெரியாது, படந்தான் பார்ப்பாங்க. கடைசியில அஞ்சு மீன் கெடந்தா, ‘எம் மீனு விக்கலன்னு போட்டுட்டியேடி’ம்பாங்க. அவுங்க ஒருநாளும் மீனோட வூடு திரும்பினதில்ல.”

பிரஸுக்கு ஏழு முறை அடித்தேன். எடுக்கவில்லை. இருவரும் பஸ் ஏறினோம். வழியெல்லாம் அவர் முன் சீட்டையே பார்த்துக்கொண்டு வந்தார். சிப்காட் தாண்டும்போதுதான், “சாரல் அடிக்குது, ஜன்னலைச் சாத்துங்க மாமா” என்றார். எனக்குப் பாதி உயிர் திரும்பியது.

பிரஸில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. கடைசிப் பக்கம் வரும் தாள்! முந்நூறு அடித்து முடித்திருந்தார்கள். கையை ஆட்டி நிறுத்தச் சொன்னேன்.

பிரஸ்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “நீங்கதான சார் அஞ்சு மீன் கொறையுதுன்னீங்க?”

“சொன்னேன்...”

“இப்ப என்னா?”

“அஞ்சு மீன் ஜாஸ்தி.”

அவர் மலர்விழி பக்கம் திரும்பினார். “யாரும்மா இவரு? கணக்கு வாத்தியாரா?”

“வூட்டுக்கார மாமாண்ணே. நல்லவருதான். எண்ணுவாரு, அவ்ளோதான்.”

விவரம் கேட்டதும் மனிதர் சிரித்துவிட்டார். பழைய படத்தை வைத்துப் புது பிளேட் போட்டார்கள். முதல் தாள் வெளியே வந்தது. மலர்விழி அதை வெளிச்சத்தில் பிடித்தார். வெறும் கூடை. ஒரு மீன்கூட இல்லை. இத்தனை அழகான ‘இல்லை’யை நான் பார்த்ததில்லை.

எத்தனை வயல் அளந்திருப்பேன்! விற்ற மீனை எண்ணத் தெரிந்தது. கொடுத்த மீன் கண்ணில் படவில்லையே... அதற்குக் குனிய வேண்டியிருக்கிறது.

“பிளேட்டுக்கு மட்டும் குடுங்க சார். வீணாப்போன பேப்பரு கொசுறா இருக்கட்டும்” என்றார் பிரஸ்காரர்.

நாலு கலருக்கு பிளேட் 1,400. பஸ், இரண்டு பேருக்கும் போக வர 180. டீ இரண்டு, 30. ஆக மொத்தம் 1,610 ரூபாய்.