அளக்காமல் விட்ட ஓடுபாதை

எங்கள் பழைய விளையாட்டரங்கத்தை இடித்த இடத்தில் இப்போது பேருந்துகள் நிற்கின்றன. அதன் கேலரிக் கூரை ஒழுகியதைச் சொல்லி இன்னும் சிரிக்கிறார்கள். நான் சிரிப்பதில்லை.

அந்தக் கேலரியைக் கட்டியபோது படிகள் ஓடுபாதையின் வளைவுக்குள் வந்துவிட்டன. சுண்ணாம்புக் கோட்டை உள்ளே தள்ளிப் போட்டவர்கள் மறுபடி அளக்கவில்லை. சுற்றுக்கு நானூறு மீட்டர் என்றே போர்டு சொன்னது. சுற்று குறைந்துபோனது எங்களுக்குத் தெரியாது. நான் ஓடி முடித்த நேரத்தைக் கேட்டு ஊரே வாயைப் பிளந்தது.

அந்த வாரமே எனக்கு வரன் கொண்டுவந்த அறந்தாங்கித் தரகரை அப்பா திருப்பி அனுப்பினார். “இம்புட்டு வேகமா ஓடுற புள்ளைக்கு இப்பக் கல்யாணம் எதுக்குங்க? படிக்கட்டும்.”

அடுத்த மாதம் திருச்சியில் ஓடினேன். எங்கள் ஊரில் முடிவுக்கோடு வந்துவிடும் தூரத்தில் கால் ஓய்ந்துவிட்டது. கோடு இன்னும் தள்ளி இருந்தது. கடைசியாக வந்தேன். அப்பா ‘படிக்கட்டும்’ என்ற சொல்லை மாற்றவில்லை.

இன்று நான் உடற்கல்வி ஆசிரியை. கோடு போடும் முன் ஒன்றுக்கு இரண்டு தடவை டேப் பிடித்து அளக்கிறேன். அன்றைக்கு அளக்காமல் விட்டவர்கள், எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.