பதினாலு வயசில் பிரஷரா?

பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்ப் பிள்ளைகளுக்கு எடை, பிரஷர், சுகர் பார்க்கிற நர்ஸ் வேலையில், மிஷின் காட்டுவதை வீட்டாரை நம்பவைப்பதுதான் பெரும்பாடு. தென்காசிப் பக்கம் பதினோரு வருஷமாக வேனில் சுற்றுகிறேன். வீட்டில் வயசுப் பிள்ளை வைத்திருக்கிற உங்களுக்கு இதெல்லாம் புதுசாக இருக்காது.

விளையாட்டு பீரியட்

சுரண்டைப் பக்கம் ஒரு பள்ளி. பையன்கள் முண்டியடித்து மிஷினில் ஏறி, தங்கள் எடையைத் தாங்களே கத்திச் சொன்னார்கள். ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி மட்டும், "சத்தமா வாசிச்சிராதீங்க சிஸ்டர்" என்றாள். எடை கூடுதல். மூன்று முறை பார்த்தும் பிரஷர் இறங்கவில்லை. பெரியாஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிவிட்டு, தினமும் ஓடியாடி விளையாடு என்றேன்.

"கோ-கோ டீம்லதான் இருந்தேன் சிஸ்டர். பெரிய மனுஷி ஆனதும் அம்மா நிப்பாட்டிட்டா. இப்பம் தம்பி போறான்."

ஒரே வீட்டில் இரண்டு

கடையத்தில் பத்தாம் வகுப்புப் பையன். பின்கழுத்தில் அழுக்குப் படிந்த மாதிரி கருப்பு. சுகர் எல்லை தாண்டியிருந்தது. அதே பள்ளியில் படிக்கிற அவன் அக்காவுக்கு ரத்தம் ரொம்பக் குறைவு. அம்மாவை வரச் சொன்னேன். அப்பா துபாயில் டிரைவர். பையனுக்குத் தினமும் பரோட்டா, சால்னா பார்சல். ஒரே வீட்டில் இவனுக்கு இப்படி, அவளுக்கு அப்படி, எப்படிம்மா என்றேன்.

"அவுக அப்பா அங்கன குப்பூஸ் ரொட்டியத் தின்னுக்கிட்டுக் கெடக்காக. பையனாவது நல்லாச் சாப்பிடட்டும்னுதான். பொட்டப்பிள்ளைக்கு என்ன, இருக்கதத் தின்னுக்கிடுவா."

குற்றாலத்தில் மயக்கம்

சீசன் சமயம், அருவிக்கரையில் முகாம் போட்டிருந்தோம். புளியங்குடியிலிருந்து சுற்றுலா வந்த பிளஸ் ஒன் மாணவி ஒருத்தியைத் தூக்கிவந்தார்கள். விரலில் குத்திப் பார்த்தால், சுகர் அடிமட்டத்துக்கு இறங்கியிருந்தது. குளுக்கோஸ் ஏற்றியதும் கண் விழித்தாள். சின்ன வயசிலேயே வந்த சுகர். இன்சுலின் இல்லாமல் முடியாது. காலையில் ஊசி போட்டிருக்கிறாள். பஸ் தாமதம், சாப்பாடு தள்ளிப்போனது. பசிக்கிறது என்றுகூட யாரிடமும் சொல்லவில்லை. மூன்று வருஷமாகப் பள்ளிக் கழிப்பறையில் ஒளிந்துதான் ஊசி போட்டுவந்தாளாம்.

தகவல் போய் அப்பா வந்தார். எலுமிச்சை மண்டியில் மூட்டை தூக்குகிறவர். பள்ளியில் சொல்லிவிடுங்கள் என்றேன். "தெரிஞ்சா நாளைக்கு எவன் கெட்டுவான்?" என்றார். "இன்னைக்கு ஆள் பக்கத்துல இல்லன்னா என்ன ஆயிருக்கும்?" என்றேன். துண்டை எடுத்து, அருவியில் நனைந்த மகள் தலையைத் துவட்ட ஆரம்பித்தார். திங்கட்கிழமை அவரே தலைமையாசிரியையைப் பார்த்து எல்லாவற்றையும் சொன்னார். அந்தம்மா தன் அறையிலேயே ஊசி போட இடம் கொடுத்தார். அடுத்த முறை அந்தப் பள்ளிக்குப் போனபோது அந்தப் பெண்ணே ஓடிவந்தாள்.

"இப்பம் மூக்கப் பொத்தாம ஊசி போடுதேன் சிஸ்டர்."

ரத்தக்குறைவுக்கு மாத்திரை எங்கள் வேனில் எப்போதும் உண்டு; மற்றதுக்கெல்லாம் கைவசம் இருப்பது அறிவுரை மட்டும்தான், அதை வாங்கிக்கொள்ளத்தான் அந்த அப்பா மாதிரி ஆள் அதிகம் வருவதில்லை.