மினிட்ஸில் இல்லாத பெயர்

கொழும்பு வெள்ளவத்தையில் இருக்கும் எங்கள் மென்பொருள் நிறுவனத்தில் டெக் லீட், அதாவது தொழில்நுட்பப் பொறுப்பாளர், பதவி ஒன்று காலியானது. அது ஜெனிற்றாவுக்குத்தான் என்று நினைத்திருந்தேன். கொட்டாஞ்சேனைப் பிள்ளை. நான் தலைமை தாங்கிய அணியில் ஒரே பெண். வேலையில் என்னைவிடக் கெட்டிக்காரி; அது பெரிய அளவுகோல் அல்ல. போட்டிக்கு இருந்தவர் அதே அணியின் சுரேஷ்.

பிரிவுத் தலைவர் பாஹிம் என்னைக் கூப்பிட்டார். பதவியை யாருக்குக் கொடுப்பது என்று ஆதாரம் தேடி ஆறு மாதக் கூட்டக் குறிப்புகளை, அதாவது மினிட்ஸை, வாசித்திருந்தார்.

"மச்சான், இந்தப் புள்ள கூட்டத்துல வாயே தொறக்கிறல்லயா? சுரேஷ் சொன்னது இருக்கு, நீங்க சொன்னது இருக்கு. இவட பேர் ஒரு இடத்திலயும் இல்லயே."

"அவதான் எல்லாரையும் விடக் கூடக் கதைக்கிறவ."

"அப்ப எங்க? நாளைக்கு லிஸ்ட் மேல போகுது."

மினிட்ஸ் எழுதியது ஜெனிற்றாதான். ஒவ்வொரு திங்களும் எழுதச் சொன்னது நான். "நீர் வடிவா எழுதுவீர்" என்பேன். லப்டொப்பில் தட்டுகிற எழுத்தில் என்ன வடிவு என்று ஒருவரும் கேட்கவில்லை. இத்தனைக்கும் நிறுவனத்தின் பன்மைத்துவக் குழுவுக்கு நான்தான் தலைவர். பொங்கல், வெசாக், பெருநாள், நத்தார் நான்குக்கும் கேக் வெட்டியிருக்கிறோம்.

அவளுடைய மேசைக்குப் போனேன்.

"ஏன் பிள்ளை, உம்மட பேரை எழுதேல்லை?"

"நான் பேசக்குள்ள யார் அண்ணா எழுதுறது?"

"பிறகு சேர்த்திருக்கலாமே."

"ஒருக்கா சேர்த்தேன். 'என்ன, சுயசரிதையோ' எண்டு கேட்டீங்க. எல்லாரும் சிரிச்சாங்க. அதுக்குப் பிறகு நான் சொன்னதுக்குப் பேர் போடுறல்ல."

கேட்டது ஞாபகம் இருந்தது. நல்ல பகிடி என்று வீட்டிலும் சொல்லியிருக்கிறேன்.

அன்று பின்னேரமே பாஹிமுக்கு மின்னஞ்சல் எழுதினேன். டேட்டாபேஸைப் பிரிக்கச் சொன்னது அவள்; பழைய பேமென்ட் மொடியூலை நிறுத்தச் சொன்னதும் அவள்; பெயர் வராததற்குக் காரணம் நான். உடனே போன் வந்தது.

"இதெல்லாம் அவ சொன்னதுன்னா, கூட்டத்துல நீங்க என்ன செஞ்சீங்க?"

"ஓம் எண்டு சொன்னனான். அது மினிட்ஸில இருக்கும்."

அவர் சிரிக்கவில்லை. மின்னஞ்சலை மேலே அனுப்பினார். மேலிடத்துக்கு மினிட்ஸ்தான் ஆதாரம். கடைசி நாளில் அணித்தலைவர் எழுதுவது வெறும் சிபாரிசு. பதவி சுரேஷுக்குப் போனது. "அடுத்த வருஷம் பாப்பம்" என்று ஜெனிற்றாவிடம் சொன்னேன். "சரி அண்ணா" என்றாள். இரண்டு மாதத்தில் வேறொரு நிறுவனத்தில் டெக் லீட்டாகச் சேர்ந்தாள்.

அவள் போன பின் வந்த திங்கட்கிழமை, மினிட்ஸ் யார் எழுதுவது என்ற கேள்வி வந்தது. எல்லாருடைய கண்களும், என்னுடையவை உட்பட, டெஸ்டிங்குக்குப் புதிதாக வந்த பிள்ளையிடம் போயின. அவள் லப்டொப்பைத் திறக்கத் தொடங்கிவிட்டாள்.

"நீர் விடும், நான் எழுதுறன்" என்றேன்.

அணி நடத்தப்போகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: மினிட்ஸை முறைவைத்து எழுதுங்கள், முதல் முறை உங்களுடையதாக இருக்கட்டும். அந்தத் திங்கள் கூட்டத்தில் சுரேஷின் திட்டத்தில் பெரிய பிழை ஒன்றைக் கண்டேன். நான் முந்தைய வரியைத் தட்டி முடித்து அதைச் சொல்வதற்குள் பேச்சு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டது. நான் எழுதிய மினிட்ஸில் அந்தப் பிழை இல்லை.