கால்டனைக் கைவிடாத ரோலண்ட்

எங்கள் மாவட்டத்தில் பனி கொட்டினால் சாலையை வழித்துத் தள்ளும் வண்டியை ஓட்டுகிறவன் ரோலண்ட் ஸ்வோபோடா. என் எதிர்வீட்டுக்காரன். எந்தத் தெருவை முதலில் வழிக்கலாம், எதைக் கடைசிக்கு விடலாம் என்று கேட்டால் காப்பிக் கோப்பையைக் கீழே வைக்காமலே சொல்லிவிடுவான். கோடை வந்தால் அவன் வீட்டு முன்புறப் புல்வெளியைப் பார்க்க வேண்டும். ஓரங்களை மண்டியிட்டுக் கத்தரிக்கோலால் வெட்டுவான். தபால்காரர்கூட அதில் கால் படாமல் சுற்றிக்கொண்டுதான் வருவார். இவ்வளவு தெளிவான மனுஷனுக்கு டிரெவர் கால்டன் விஷயத்தில் மட்டும் புத்தி மழுங்கிவிடும்.

கால்டன் எங்கோ மேற்கே ஓர் அமெரிக்கன் ஃபுட்பால் டீமில் பந்து எறிகிறவன், குவார்ட்டர்பேக். நாங்கள் பத்துப் பேர் இங்கே விஸ்கான்சினில் உட்கார்ந்துகொண்டு நாடெங்கும் ஆடுகிற ஆட்டக்காரர்களைக் கற்பனையாகப் பங்கு போட்டு வைத்திருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் நிஜ மைதானத்தில் சாதிப்பதெல்லாம் எங்களுக்குப் புள்ளிகள். மற்ற லீக்குகளில் வருஷம் முடிந்தால் எல்லாரையும் கலைத்துவிடுவார்கள். எங்களுடையது டைனஸ்டி. ஒருவனை எடுத்தால் நாமாக விடும்வரை அவன் நம் ஆள். ரோலண்ட் கால்டனைக் கல்லூரியிலிருந்து வந்த நாளில் எடுத்தான். அன்றிலிருந்து கால்டன் ஒரு வாரம் நான்கு டச்டவுன் எறிந்து புள்ளிகளை அள்ளுவான், மறுவாரம் பந்தை எதிராளிகளின் கைகளிலேயே பார்த்துப் பார்த்துக் கொடுப்பான். ரோலண்டுக்கு முதல் வாரம் மட்டும்தான் ஞாபகம் இருக்கும்.

அவன் மனைவி நாடீன், பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேஜைக்காரி, லீக்கில் ஓர் இடம் காலியானபோது தானும் சேர்ந்தாள். வந்த இரண்டாவது வருஷமே எங்களையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டாள். இந்த வசந்தத்தில் புதுப் பையன்களைத் தேர்ந்தெடுத்தபோது, கடைசிச் சுற்றில் அவள் எடுத்தது லாமான்ட் ரீவ்ஸை. கால்டனின் டீமிலேயே கால்டனுக்குப் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பையன் அவன். அவளிடம் இவனைவிட நல்ல குவார்ட்டர்பேக் இருந்தான். ரீவ்ஸை எடுத்தது புருஷனைச் சீண்டத்தான்.

இந்த வருஷம் கால்டன் காலை வாரிக்கொண்டே இருந்ததால் ரோலண்டும் கசாப்புக்கடை டக் ஹென்னிங்கும் கடைசி இரண்டு இடத்தில் வந்து நின்றார்கள். இந்த இருவருக்கும் வருஷக் கடைசியில் ஒரு மோதல் உண்டு. அதன் பெயர் கக்கூஸ் கோப்பை. தோற்றவன் வீட்டு முன்புறம் ரோஸ் நிறக் கம்மோடு ஒன்றை நட்டுவைப்போம். ஜூலை நான்காம் தேதிவரை அது நகரக் கூடாது. வசந்தத்தில் அதற்குள் தோற்றவனே பூச்செடி வைத்துத் தண்ணீர் ஊற்ற வேண்டும். ரோலண்டின் அந்தப் புல்வெளியில் கம்மோடு.

அந்தச் சனிக்கிழமை கால்டனை உட்காரவைக்கப்போகிறார்கள் என்று ஒரு பேச்சு அடிபட்டது. உட்காரவைத்தால் இறங்குவது ரீவ்ஸ்தான். கோச் வாயைத் திறக்கவில்லை. அன்று மத்தியானம் அவர்கள் வீட்டில் மான் சாசேஜ் தின்றுகொண்டிருந்தேன்.

"ரீவ்ஸை எனக்குக் குடுத்துடு நாடீன்," என்றான் ரோலண்ட், சாதாரணமாகக் கேட்பதுபோல.

"போன வாரம் அவனை என்னன்னு சொன்ன? பால் பல்லு விழாத பையன்னுல்ல சொன்ன."

"இப்பவும் அதான் சொல்றேன். சும்மா ஒரு துணைக்கு."

"அப்ப அடுத்த வருஷம் உன்னோட முதல் தேர்வை எனக்குக் குடு."

"உனக்கு மனசாட்சி இருக்கா?"

"இருக்கு. அதனாலதான் ஒண்ணோட நிறுத்தினேன்." அவள் கடுகு சாஸைத் தடவிக்கொண்டே யோசித்தாள். "சரி, தேர்வு வேணாம். லீக் குரூப்புல ஒரே ஒரு வரி எழுது. 'நாடீனுக்கு என்னைவிட ஆட்டம் நல்லாத் தெரியும்.' எழுதினா பையனை அனுப்பிடறேன்."

ரோலண்ட் என்னைப் பார்த்தான். "க்ளென், இது முறையா? நீதானே நம்ம லீக் கமிஷனர்?"

"முறைதான். பணம் கைமாறலையே," என்றேன்.

மறுநாள் பன்னிரண்டு மணிக்கு ஆட்டம் தொடங்கும்வரை கெடு. சர்ச்சில் போதகர் பொறுமையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். லீக் ஆட்கள் அத்தனை பேரும் தலை குனிந்திருந்தோம். போதகருக்கு அதில் ரொம்பத் திருப்தி. எங்கள் மடியிலிருந்த போன்களில் 'ரோலண்ட் டைப் செய்கிறார்' என்று வந்தது. மறைந்தது. மறுபடி வந்தது. மூன்று வரிசை முன்னால் அவன் பிடரி சிவந்துகொண்டே போனது. பக்கத்தில் நாடீன் கண்ணை மூடி, நல்ல பிள்ளையாகக் கை கூப்பியிருந்தாள். பன்னிரண்டடித்தது. எந்த வரியும் வரவில்லை.

என் வீட்டுக் கீழ்த்தளத்தில் எல்லாரும் டி.வி. முன்னால் உட்கார்ந்தோம். கால்டன் பாதி ஆட்டத்துக்குள் மூன்று பந்தை எதிராளிகளுக்குத் தானம் செய்தான். கோச் அவனை இழுத்து உட்காரவைத்தார். ரீவ்ஸ் இறங்கினான். மூன்று டச்டவுன். நாடீனின் கற்பனை டீமில் அவன் பெஞ்சில் கிடந்ததால் அதில் ஒரு புள்ளிகூட யாருக்கும் உதவவில்லை. டக் ஜெயித்துவிட்டான். ரோலண்ட் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டான். எனக்கே பாவமாகப் போய்விட்டது. நாடீன் மட்டும் குதித்துக் குதித்து எல்லாருக்கும் பீர் ஊற்றினாள்.

டக் அவசரப்படுகிற ஆள். உடனே என் கராஜிலிருந்து கம்மோடைத் தன் வண்டியில் ஏற்றிவிட்டு வந்து கேட்டான். "எங்க இறக்கட்டும்?"

"என்ன கேள்வி இது? ரோலண்ட் வீட்டு வாசல்ல, நட்ட நடுவுல," என்றாள் நாடீன். வாய்க்குப் போன பொரித்த சீஸ் பாதியில் நின்றது. மெல்லத் தட்டில் திரும்ப வைத்தாள். "அது என் வீடும்தானே."

"பத்திரத்துல ரெண்டு பேர் பேரும் இருக்குன்னுதான் நினைக்கிறேன்," என்றேன்.

"உனக்கு முன்னாடியே தோணுச்சா?"

"நேத்து சாசேஜ் தின்னும்போதே தோணுச்சு."

"வாயத் தொறந்து சொன்னா என்ன?"

"பேரத்துல கமிஷனர் மூக்கை நுழைக்கக் கூடாது."

அவள் திட்டியதை இங்கே எழுத முடியாது.

ரோலண்ட் தானே மண்வெட்டியால் பனியை வழித்து, கம்மோடு கோணாமல் நிற்க இடம் சமன்செய்தான். தோற்றாலும் வேலை சுத்தமாக இருக்க வேண்டும் அவனுக்கு. நாடீன் கோட்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு, தன் சமையலறை ஜன்னலுக்கு நேராக அது உட்காருவதைப் பார்த்தாள்.

"ரோலி, ரீவ்ஸை எடுத்துக்க. சும்மாவே எடுத்துக்க. ஒரு வரியும் எழுத வேணாம். அடுத்த வருஷம் கடைசியா மட்டும் வந்துடாத."

ரோலண்ட் மண்வெட்டியை ஊன்றி நிமிர்ந்தான். "அந்தப் பையன் ஒரு ஞாயித்துக்கிழமை நல்லா ஆடினான், அவ்வளவுதான். கால்டனுக்குத் தோள்ல வலி இருந்திருக்கும். பாரு, அடுத்த வருஷம் தேறிடுவான்."

நாடீன் அவன் காதை மறைக்கிறமாதிரித் தொப்பியை இழுத்துவிட்டாள்.

"நானும் கல்யாணமான நாள்லேருந்து எங்கம்மாகிட்ட உன்னப் பத்தி இதையேதான் சொல்லிட்டிருக்கேன்," என்றாள்.